பம்பாய்ப் பசங்களின் டிவி கேம்: ரெண்டு பேர் ஆட எது பெஸ்ட்?

டோம்பிவிலி_லோக்கல்

நெட்ல ஃபேமிகாம் (நிண்டெண்டோவோட பழைய டிவி கேம் பெட்டி) கேம்னு தேடினா எல்லா டாப் டென்லயும் ஒரே பல்லவிதான்: ஜெல்டா, மெட்ராய்ட், மெகா மேன், ஃபைனல் ஃபேன்டசி. நல்ல கேம்தான், மறுக்கல. ஆனா 93, 94ல தாராவியிலயோ ஆன்டாப் ஹில்லயோ மெட்ராய்ட் ஆடினவன் ஒருத்தனைக் காட்டுங்க பார்ப்போம். நமக்கு வந்தது அதோட டூப்ளிகேட் பெட்டி, கூட பல கேம் அடைச்ச ஒரு மல்டி கேசட். அந்தக் கேசட்ல என்ன இருந்துச்சோ அதுதான் நம்ம ரசனை. ஜெல்டா மாதிரி பாதியில சேவ் பண்ணி வைக்கிற கேமுக்கு கேசட்டுக்குள்ள பேட்டரி வேணும். மல்டி கேசட் அடிக்கிறவன் அந்தச் செலவெல்லாம் எதுக்குப் பண்ணப்போறான்?

அதனால இந்த இழையில ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, நீங்க அப்போ நிஜமா ஆடினதா இருக்கணும். பின்னாடி எமுலேட்டர்ல (பழைய கேமை போன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஓட்டுற சாஃப்ட்வேர்) பார்த்தது செல்லாது. ரெண்டு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஆடுற கேமா இருக்கணும். சால் வீட்ல (வரிசையா ஒத்தை ரூம் வீடுங்க இருக்கிற பம்பாய்க் கட்டடம்) ஒரு டிவி, அதுக்கு முன்னாடி மாடியில உள்ள மொத்தப் பசங்களும். தனியா உக்காந்து ஆடுற பாக்கியம் யாருக்கு இருந்துச்சு?

என் ஓட்டு கான்ட்ராவுக்கு, ஓடிக்கிட்டே சுடுற கேம். 1987ல கொனாமி ஆர்கேடுக்குப் போட்டது, 88ல வீட்டுப் பெட்டிக்கு வந்தது. எட்டு ஸ்டேஜ். மூணாவது ஸ்டேஜ் அருவி ஞாபகம் இருக்கா? மேல போறவன் ஏற ஏற ஸ்கிரீனும் கூடவே ஏறும். கீழ நிக்கிறவன் ஸ்கிரீனை விட்டு விழுந்தா காலி. அங்க எதிரி சுட்டுச் செத்தவனைவிட கூட்டாளி அவசரத்துல செத்தவன்தான் அதிகம். இன்னொண்ணு, உன் லைஃப் தீர்ந்துட்டா ஏ பட்டனைத் தட்டி அடுத்தவன் லைஃப்ல ஒண்ணை எடுத்துக்கலாம். கேட்டுட்டு எடுன்னு கேம் சொல்லாது. எங்க மாடியில அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னதே அதனாலதான்.

கோலிவாடா_குருவி

என்னவே பேசுதீரு? டாங்கி இருக்கும்போது கான்ட்ராவா?

பேட்டில் சிட்டி, நாம்கோ, 1985. அமெரிக்காவுக்கு அந்தக் கேசட் போகவே இல்ல. அதான் வெள்ளைக்காரன் லிஸ்ட்ல அது பேரு வராது. நம்ம கேசட் மெனுவுல முக்காவாசி 'டாங்க் 1990'ன்னு இருக்கும். அது எவனோ திருத்தின வேலை, அதுல கப்பல் படத்தை எடுத்தா தண்ணியில கூட டாங்கி ஓடும். நான் சொல்லுதது ஒரிஜினலை.

கீழ நடுவுல நாம காக்க வேண்டிய கழுகு, சுத்தி ஒரு வரிசை செங்கல். எதிரி வர்றது மேல மூணே இடம்: இடது ஓரம், நடு, வலது ஓரம். ஒரு ஸ்டேஜுக்கு 20 டாங்கி, 35 ஸ்டேஜ் முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து. இவ்வளவுதான் விஷயம். ஆனா இதுக்குள்ள எவ்வளவு அரசியல் இருக்குன்னு பாரும். நட்சத்திரம் வந்தா யாரு எடுக்கது? ஒண்ணு எடுத்தா குண்டு வேகமாப் போகும், ரெண்டு எடுத்தா அடுத்தடுத்து ரெண்டு குண்டு, மூணு எடுத்தா இரும்புச் சுவரையே உடைக்கலாம். மூணு நட்சத்திரக்காரன் செத்தான்னா பழையபடி வெறும் டாங்கி. அதனால ஒருத்தன் மேல போய் அடிக்கணும், ஒருத்தன் கழுகு பக்கத்துல காவலுக்கு நிக்கணும். காவல் நிக்கதுக்கு எவனும் ஒத்துக்கிட மாட்டான்.

அப்புறம் அந்த உறைய வைக்கிற சமாச்சாரம். உம்ம குண்டு கூட்டாளி மேல பட்டா அவன் சாகமாட்டான், கொஞ்ச நேரம் நகர முடியாம மினுக்கு மினுக்குன்னு நிப்பான். சரியா அந்த நேரத்துல நாலு குண்டு வாங்கினாத்தான் சாகிற டாங்கி ஒண்ணு வலது ஓரமா இறங்கி வரும். கூட்டாளி மினுக்கிட்டு நிக்கான், நீரு மரத்துக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கீரு, அவன் செங்கலை ஒவ்வொண்ணா உடைக்கான். இந்த ரெண்டு செகண்டுக்கு ஈடா கான்ட்ராவுல என்ன இருக்கு சொல்லும்.

அவசரத்துல நம்ம குண்டே கழுகு மேல பட்டாலும் ஆட்டம் முடிஞ்சது. அதுல வந்த சண்டை தனி.

செம்பூர்வாசி

நண்பர்களே, மாரியோவை ஒருவரும் சொல்லவில்லையே? எழுபதுகளில் பிறந்த எனக்கு 'டிவி கேம்' என்றாலே அதுதான்.

இடையில் ஒரு தகவல். வசதியானவர்கள் வீட்டில் நிண்டெண்டோவின் போட்டி நிறுவனமான சேகாவின் பெட்டியும் இருந்தது. 1995இல் மெகா டிரைவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது ஷா வாலஸ். ஆம், சரக்கு விற்ற அதே ஷா வாலஸ்தான். இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படியும் பெட்டி 18,000 ரூபாய். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு என்னவெல்லாம் வாங்கலாம் என்று யோசித்தால், நம் தகப்பனார்கள் ஏன் டூப்ளிகேட் பெட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது புரியும்.

டோம்பிவிலி_லோக்கல்

செம்பூர் சார், கண்டிஷனைப் படிங்க. மாரியோவுல ரெண்டு பேர்னா ஒருத்தன் சாகிற வரைக்கும் இன்னொருத்தன் வேடிக்கை பார்க்கணும். ரெண்டாவது ஆளா லூயிஜியை வச்சு ஆடுறவன் பாவம், நல்லா ஆடுறவன் கூட உக்காந்தா அவன் முறை வர்றதுக்குள்ள அம்மா வந்து டிவியை அணைச்சிடுவாங்க.

தாராவி_தென்றல்

மாரியோ பேச்சு வந்ததால ஒரு சந்தேகம். போன்ல எமுலேட்டர் போட்டு பையனுக்குக் காட்டலாம்னு ஆரம்பிச்சேன். மாரியோ தலைதெறிக்க ஓடுறான், பாட்டும் வேகமாப் போகுது. முதல் ஸ்டேஜ்லயே குழியில விழுறேன். வயசாயிடுச்சுன்னு வீட்ல சிரிக்கிறாங்க. எமுலேட்டர் செட்டிங் எதாவது கோளாறா?

சால்டரிங்_சாமி

தென்றல், உங்க வயசும் சரி, எமுலேட்டரும் சரி. அப்போ நீங்க ஆடினதுதான் மெதுவா ஓடிச்சு.

ஃபேமிகாம் 1983 ஜூலைல ஜப்பான்ல வந்த பெட்டி. அங்க டிவி என்.டி.எஸ்.சி முறை, செகண்டுக்கு 60 தடவை படம் மாறும். நம்ம ஊர் டிவி பி.ஏ.எல், செகண்டுக்கு 50. இந்த கேம்கள்ல எல்லாமே படம் மாறுற கணக்குலதான் நகரும். ஒரு படத்துக்கு மாரியோ இத்தனை புள்ளி நகரணும், இத்தனை படத்துக்கு ஒரு ஸ்வரம் மாறணும்னு எழுதியிருப்பாங்க. 60க்கு எழுதினதை 50ல ஓட்டினா ஆறுல ஒரு பங்கு வேகம் போச்சு.

மாரியோவுல மேல ஓடுற டைமை எடுத்துக்கோங்க. அது நிஜ செகண்ட் இல்ல, 24 படத்துக்கு ஒண்ணு குறையும். 400ன்னு ஆரம்பிச்சா ஜப்பான் பையனுக்கு 160 செகண்ட்ல முடிஞ்சிரும். நமக்கு 192 செகண்ட். கேமுக்குள்ள எல்லாம் சேர்ந்தே மெதுவாகுறதால கணக்குல சலுகை ஒண்ணும் இல்ல. ஆனா நம்ம விரலுக்கு அரை நிமிஷம் கூடுதலா கெடைச்சுது. அந்தப் பழக்கத்தோட இப்போ 60ல ஓடுறதை ஆடினா குழியிலதான் விழணும்.

இதுல ஒரு நுணுக்கம். நிண்டெண்டோவே ஐரோப்பாவுக்குப் பண்ணின பி.ஏ.எல் பெட்டியில சிப்போட கடிகாரமே கொஞ்சம் மெதுவு. அதுல ஜப்பான் கேசட்டைப் போட்டா பாட்டு மெதுவாகுறதோட சுருதியும் இறங்கும். தைவான்காரன் பண்ணின டூப்ளிகேட் சிப்புல கடிகாரத்தை ஜப்பான் வேகத்துக்குக் கிட்டக்கவே வச்சிட்டான். தாளம் மட்டும் மெதுவாச்சு, சுருதி கிட்டத்தட்ட அப்படியே நின்னுச்சு. ஜப்பான் கேசட் சரியா ஓடுறதுல ஒரிஜினல் ஐரோப்பாப் பெட்டியைவிட நம்ம டூப்ளிகேட் கெட்டி. எமுலேட்டர்ல 'டெண்டி'ன்னு ஒரு மோட் இருக்கும், ரஷ்யாவுல வித்த டூப்ளிகேட் பெட்டியோட பேரு அது. அதை வச்சு ஆடிப் பாருங்க.

தாராவி_தென்றல்

சாமி அண்ணே, டெண்டி போட்டேன். அப்படியே அந்தப் பழைய பாட்டு! பையன் 'ஏன்ப்பா ஸ்லோவா இருக்கு'ன்னு கேக்கிறான். கெடக்கட்டும்.

மாட்டுங்கா_மைனா

நாலு ஆம்பளைங்க சேர்ந்தா கான்ட்ரா, டாங்கி. வேற எதுவுமே அந்தக் கேசட்ல இல்லாத மாதிரி!

எங்க வீட்ல எனக்கு எப்பவும் ரெண்டாவது ரிமோட்தான் கிடைக்கும். அதுல ஸ்டார்ட்டும் இருக்காது, செலக்டும் இருக்காது. கேமை நிறுத்துற அதிகாரம் முழுக்க அண்ணா கையில. ஜப்பான் ஒரிஜினல்லயும் அப்படித்தானாம். ஆனா அதுக்குப் பதிலா ரெண்டாவது ரிமோட்ல ஒரு மைக் வச்சிருந்தாங்க. நம்ம பெட்டியில மைக்கும் கிடையாது.

என் ஓட்டு பைனரி லேண்டுக்கு. ஹட்சன் போட்டது, 1985. ரெண்டு பெங்குவின், நடுவுல ஒரு சுவர். ஒண்ணை இடது பக்கம் நகர்த்தினா இன்னொண்ணு வலது பக்கம் போகும், கண்ணாடியில பார்க்கிற மாதிரி. ரெண்டு பக்கமும் வழி வேற வேற. மேல இருக்கிற இதயத்துக்கிட்ட ரெண்டும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும். சிலந்தி வலையில ஒண்ணு மாட்டிக்கிட்டா இன்னொண்ணு சுத்திப் போய் மருந்தடிச்சு விடுவிக்கணும். டோம்பிவிலி கண்டிஷன்படி இது ரெண்டு பேர் கேம் இல்லைதான். ஆனா நானும் பக்கத்து வீட்டுப் பொண்ணும் ஒரே ரிமோட்டை வச்சு ரெண்டு பேராத்தான் ஆடினோம். நான் இடது பெங்குவினைப் பார்ப்பேன், அவ வலது பெங்குவினைப் பார்ப்பா. 'வலை வலை, நில்லு, இப்ப மேல'ன்னு அவ சொல்லச் சொல்ல நான் பட்டன். ஒரு ஆளோட கண்ணு ரெண்டு பக்கமும் ஓடவே ஓடாது, ஆடிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

கண்டிஷனுக்குள்ள வரணும்னா பலூன் ஃபைட். கூட்டாளின்னு பேரு, ஆனா அவன் பலூனையே மேல இருந்து மிதிச்சு உடைக்கலாம். உடைச்சுட்டு 'தெரியாம பட்டுடுத்து'ன்னு சொல்லலாம். அதோட புரோகிராமை எழுதினவர் சடோரு இவாடா, பின்னாடி நிண்டெண்டோவுக்கே தலைவரானார்.

கோலிவாடா_குருவி

மைனா அக்கா, பெங்குவினை மறந்தே போனேன். ஒத்துக்கிடுதேன், அது தலையைச் சுத்த வைக்கிற கேம்தான். ஆனாலும் டாங்கியில கன்ஸ்ட்ரக்‌ஷன் உண்டு பாத்தீயளா? நம்மளே ஸ்டேஜ் கட்டலாம். கழுகைச் சுத்தி இரும்பை அடுக்கி, அதைச் சுத்தி ஒரு வட்டம் தண்ணி. வீடியோ கேம் பார்லர்ல மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துட்டு ஆடாம கட்டிக்கிட்டே இருந்து கடைக்காரர்கிட்ட திட்டு வாங்கினவன் நான்.

டோம்பிவிலி_லோக்கல்

இரும்புக்குள்ள கழுகை ஒளிச்சு வச்சிட்டு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா குருவி?

கோலிவாடா_குருவி

30 லைஃப் போட்டு கான்ட்ரா முடிச்சவரு பேசுத பேச்சா இது?

செம்பூர்வாசி

முப்பது லைஃப் விஷயத்தில் டோம்பிவிலியை நான் ஆதரிக்கிறேன். பட்டன்களை ஒரு வரிசையில் தட்டினால் கான்ட்ராவில் முப்பது லைஃப் கிடைக்கும் அந்தக் குறுக்குவழிக்கு ஒரு வரலாறு உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ: இதை முதலில் வைத்தவர் கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. கான்ட்ராவுக்காக அல்ல, 1986இல் கிராடியஸ் என்ற விண்கல ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது. அவருக்கே அந்த ஆட்டம் கடினமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாக முழு ஆயுதமும் கிடைக்கும்படி ஒரு வழி வைத்துக்கொண்டார். அது கேசட்டோடு வெளியே வந்துவிட்டது. ஆட்டத்தைச் செய்தவரே அதை வைத்து ஆடும்போது நமக்கென்ன கூச்சம்? 2020இல் அவர் காலமானார்.

இருவர் ஆடுவதென்றால் ஏ அழுத்திய பின் செலக்ட் அழுத்தி, அதன் பிறகு ஸ்டார்ட். எங்கள் கட்டடத்தில் திருப்பாவை தெரியாத பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம்.

தாராவி_தென்றல்

எங்க கேசட்ல அதுக்கு வேலையே இல்ல சார், மெனுவுலயே 'கான்ட்ரா 30'ன்னு தனியா இருக்கும். சாமி அண்ணே, இன்னொரு சந்தேகம். '9999999 இன் 1'னு போட்டிருப்பானே, எண்ணிப் பார்த்தா பத்துப் பதினைஞ்சுதான் தேறும். மீதி எல்லாம் அதே கேம் வேற ஸ்டேஜ்ல ஆரம்பிக்கும். அதை எப்படிப் பண்ணினாங்க?

சால்டரிங்_சாமி

அது ரொம்ப சுலபமான ஏமாத்து. ஃபேமிகாம்ல வேலை செய்யிற மெமரி வெறும் 2 கேபி. எந்த ஸ்டேஜ், எத்தனை லைஃப்னு குறிச்சு வைக்கிற இடம் அதுல எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். மெனுவுல நீங்க வரிசை எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் அந்த இடத்துல வேற நம்பரை எழுதிட்டு கேமை ஆரம்பிச்சு விடுவான். அதே மாரியோதான். ஒரு வரியில 1-1, அடுத்த வரியில 5-1, பேரு மட்டும் புதுசு.

ஒரு கேசட்டைத் திறந்து பாருங்க, சிரிப்பு வரும். அவ்வளவு பெரிய மஞ்சள் டப்பாவுக்குள்ள உள்ளங்கையில பாதி அளவு பச்சை போர்டு. நடுவுல கறுப்பா ஒரு சொட்டு எபாக்ஸிப் பசை, அதுக்கடியிலதான் சிப். காலும் கிடையாது, பேரும் கிடையாது. கீழ ஓரத்துல பக்கத்துக்கு 30ன்னு மொத்தம் 60 செப்புக் கோடு. மீதி இடம் காத்து. மாரியோ முழு கேமே 40 கேபிதான். இடம் பத்தாம மேல இருக்கிற மேகத்தையும் கீழ இருக்கிற புதரையும் ஒரே படத்தை வச்சு வரைஞ்சாங்க. கலர்தான் வேற. கறுப்பு வெள்ளை டிவியில ஆடினவங்களுக்கு இது அப்பவே தெரிஞ்சிருக்கும்.

கான்ட்ராவுக்கும் ஒரு செய்தி. ஜப்பான் ஒரிஜினல் கேசட்ல கொனாமி தனக்குன்னு தனி சிப் வச்சிருந்தான். அதுல முதல் ஸ்டேஜ்ல மரம் காத்துல ஆடும், பனி ஸ்டேஜ்ல பனி பெய்யும், நடுவுல வரைபடம்கூட வரும். அமெரிக்காவுக்குப் போனதுல அதெல்லாம் கிடையாது.

மாட்டுங்கா_மைனா

கேசட்டை ஊதி ஊதிப் போட்டோமே, அதனால நிஜமாவே ஓடிச்சா?

சால்டரிங்_சாமி

கழட்டித் திரும்பச் சொருகினதாலதான் ஓடிச்சு அக்கா. செப்புக் கோடு மறுபடி வேற இடத்துல நல்லா உரசும். ஊதினா எச்சில் ஈரம் பட்டு நாளடைவுல பச்சை பூக்கும், ஊதாதீங்கன்னு நிண்டெண்டோவே சொல்லியிருக்கான். அதுலயும் பம்பாய் மழைக்காலத்துல கேட்கவே வேணாம். இப்போ பழைய கேசட் வச்சிருக்கவங்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டுத் துடைங்க.

செம்பூர்வாசி

டிவியைப் பார்த்துச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை. வாத்து சுடும் ஆட்டத்தை என் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. புதிய எல்.இ.டி. டிவியில் ஒரு வாத்துகூட விழ மறுக்கிறது.

சால்டரிங்_சாமி

விழாது சார். துப்பாக்கி எதையும் சுடுறதில்ல, அது பார்க்குது. முனையில வெளிச்சம் உணர்ற ஒரு கண்ணு இருக்கு. நீங்க ட்ரிகரை இழுத்ததும் ஸ்கிரீன் ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்ததா வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். கறுப்புக்கு அப்புறம் சரியான நேரத்துல வெள்ளை தெரிஞ்சா வாத்து அடிபட்டதாக் கணக்கு. பல்பைக் காட்டி ஏமாத்தக்கூடாதுன்னுதான் அந்தக் கறுப்பு. புது டிவியில படம் வர்றதே கொஞ்சம் தாமதமா வருது, வரைகிற விதமும் வேற. பிக்சர் ட்யூப் வச்ச பழைய குண்டு டிவி வேணும். கறுப்பு வெள்ளையா இருந்தாலும் போதும், அதுக்கு வெளிச்சம்தான் முக்கியம்.

இதுலயும் ரெண்டு பேர் ஆடலாம் தெரியுமா? ஒரு வாத்து வர்ற மோட்ல, ரிமோட் கையில இருக்கவர் வாத்தை இஷ்டத்துக்கு ஓட்டலாம்.

கோலிவாடா_குருவி

அட! இவ்வளவு காலம் இது தெரியாம வாத்தைச் சுட்டுக்கிட்டு இருந்திருக்கோமே. எங்கக்காகிட்ட சொல்லுதேன், ரிமோட் அவ மடியிலதான் கெடக்கும்.

அந்தேரி_புதுசு

வணக்கம். ரொம்ப நாளா படிக்கிறேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். வெள்ளிக்கிழமை சோர் பஜார் பழைய சாமான் சந்தையில ஒரு பெட்டி கிடைச்சது. சிவப்பு வெள்ளை, ரிமோட் வயர் ரெண்டும் பின்னாடி பெட்டியோட சேர்ந்தே வருது. கேசட் மூணு, அதுல ஒண்ணு ரோடு ஃபைட்டர். அடாப்டர் இல்ல. வீட்ல இருக்கிற ஏதாவது 9 வோல்ட் அடாப்டரைச் சொருகலாமா?

சால்டரிங்_சாமி

நில்லுங்க, சொருகாதீங்க! முதல்ல பெட்டியைத் திருப்பி அடியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஜப்பான் ஒரிஜினலா இருந்தா 10 வோல்ட் டி.சி., பின்னுக்கு உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். நம்ம வீட்ல இருக்கிற முக்காவாசி அடாப்டர் இதுக்கு நேர் தலைகீழ். அமெரிக்க நிண்டெண்டோவோட அடாப்டர் ஏ.சி. கொடுக்கும், அதை இதுல மாட்டினா பெட்டி கதை முடிஞ்சது. டூப்ளிகேட்னா பெரும்பாலும் 9 வோல்ட் டி.சி., ஆனா பிளஸ் மைனஸ் பெட்டிக்குப் பெட்டி மாறும். எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற லேமிங்டன் ரோடுல பிளஸ் மைனஸை மாத்திப் போட வசதியுள்ள அடாப்டர் கிடைக்கும், அதை வாங்குங்க. வாங்கினதும் மீட்டர் வச்சுப் பார்த்துட்டு அப்புறம் சொருகுங்க.

டோம்பிவிலி_லோக்கல்

ரோடு ஃபைட்டர் கிடைச்சிருக்கா! எதுலயும் மோதாம கொஞ்ச தூரம் ஓட்டிக்கிட்டே இருங்க, ஓரத்துல ஒரு ஆள் பறந்து வருவான், 1000 பாயின்ட். கொனாமி மேன்னு பேரு. ஒருத்தர் கேம்தான், அதனால ஓட்டுல சேர்க்கல. மத்த ரெண்டு கேசட் என்ன?

அந்தேரி_புதுசு

நன்றி சாமி அண்ணே. அடியில ஜப்பான் எழுத்துதான் இருக்கு, 10 வோல்ட்னு போட்டிருக்கு. சனிக்கிழமை லேமிங்டன் ரோடு போறேன். டோம்பிவிலி, இன்னொண்ணு ஐஸ் கிளைம்பர். மூணாவதுல லேபிள் கிழிஞ்சிருக்கு, கழுகு மாதிரி ஒரு மூலை மட்டும் தெரியுது.

கோலிவாடா_குருவி

தம்பி, சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புதீரு? நானும் வாரேன். குண்டு டிவி எங்க வீட்டுப் பரண்ல இருக்கு.